4கே மொனிட்டரை 60 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்த கதை

ஹட்டனில் டிசைன் வேலை செய்கிறேன். கல்யாண அல்பம், கோயில் திருவிழா நோட்டீஸ், பெனர், இப்படித்தான். லெப்டொப்பின் 14 அங்குலத் திரையில் அல்பத்தின் இரண்டு பக்கங்களை விரித்துப் பார்ப்பதற்குள் கண் போய்விடும். அதனால் கொழும்புக்குப் போன நேரத்தில் பம்பலப்பிட்டியில் 27 அங்குல 4கே மொனிட்டர் ஒன்றை வாங்கி வந்தேன்.

எச்டிஎம்ஐ கேபிளைச் செருகியதும் படம் வந்தது, நிறமும் நன்றாக இருந்தது. ஆனால் மவுஸை அசைத்தால் அம்புக்குறி விட்டு விட்டுத் தாவுகிறது. பக்கத்தை உருட்டினால் எழுத்து இழுபடுகிறது. விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே என்று போய்ப் பார்த்தால் 3840க்கு 2160, 30 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. அதாவது படம் நொடிக்கு 30 தடவைதான் புதுப்பிக்கப்படுகிறது. 60ஐத் தெரிவு செய்யலாம் என்றால், பட்டியலில் அந்த எண்ணே இல்லை.

யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது "டிரைவரைப் புதுசாப் போடுங்க அண்ணே" என்பதுதான். போட்டேன், மாற்றம் இல்லை. அப்புறம் கேபிள். டவுனில் ஒரு கடைத் தம்பி உறையைத் திருப்பிக் காட்டி, "இது 4கே கேபிள்தான் அண்ணே, இங்க பாருங்க எழுதியிருக்கு" என்றார். எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் 30 ஹெர்ட்ஸில் வருவதும் 4கேதானே, அதனால் அந்த எழுத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உறையில் நொடிக்கு 18 கிகாபிட் என்றோ, பிரீமியம் ஹை ஸ்பீட் என்றோ இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அப்படி ஒன்று வாங்கிப் போட்டும் 30தான். மொனிட்டரின் சொந்த மெனுவுக்குள் எச்டிஎம்ஐயின் பழைய பதிப்பு 1.4, புதியது 2.0 என்று ஒரு தெரிவு ஒளிந்திருந்தது. அதை 2.0க்கு மாற்றினேன். அதே 30.

சரி, மிச்சம் இருப்பது லெப்டொப் மட்டும்தான் என்று அதன் புரொசசரைத் தேடினேன். என்னுடையது இன்டெல் ஐ5-8250யூ. இன்டெலின் விவரப் பக்கத்திலேயே பதில் இருந்தது: எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4096க்கு 2304, 24 ஹெர்ட்ஸ்; எச்டிஎம்ஐ போலப் படம் அனுப்பும் இன்னொரு இணைப்பான டிஸ்ப்ளேபோர்ட் வழியாக அதே அளவு, 60 ஹெர்ட்ஸ். சில கம்பனிகள் தனியாக ஒரு சிப்பைச் சேர்த்து எச்டிஎம்ஐ 2.0 ஆக்கித் தருவார்கள். என் லெப்டொப்பில் அது இல்லை.

கணக்கு இதுதான். 4கே திரையில் கிட்டத்தட்ட 83 இலட்சம் புள்ளிகள். அத்தனையையும் ஒரு நொடிக்கு 60 தடவை அனுப்ப எச்டிஎம்ஐயில் ஏறத்தாழ 18 கிகாபிட் வேண்டும். எச்டிஎம்ஐ 1.4 தாங்குவது 10.2. பாதி தடவை அனுப்பினால் இடம் போதும், அதனால்தான் 30. இந்த வாயிலில் எந்தக் கேபிளைச் செருகினாலும், எத்தனை டிரைவர் போட்டாலும் இது மாறாது. அவசரத்துக்கு 2560க்கு 1440 என்று குறைத்தால் 60 கிடைக்கும். சில வேலைகளை அப்படித்தான் முடித்துக் கொடுத்தேன். ஆனால் தமிழ் எழுத்தின் வளைவுகள் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். நோட்டீஸ் அடிக்கிறவனுக்கு அது உறுத்தும்.

இனி யூஎஸ்பி-சி வழிதான். எல்லா யூஎஸ்பி-சி வாயிலிலும் படம் வராது, சிலது சார்ஜுக்கும் ஃபைல் மாற்றுவதற்கும் மட்டும்தான். பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ தண்டர்போல்ட்டின் மின்னல் அடையாளமோ இருந்தால் வரும். சின்னம் இல்லாவிட்டாலும் வரலாம், மெனுவலைப் பார்ப்பதுதான் நிச்சயம். என்னுடையதில் சின்னம் இருந்தது. கையில் இருந்த யூஎஸ்பி-சி ஹப்பை, அதாவது ஒரு வாயிலைப் பல வாயிலாக்கும் சின்னப் பெட்டியைப் போட்டு அதிலிருந்து எச்டிஎம்ஐ எடுத்தேன். மறுபடியும் 30! இதற்கும் காரணம் உண்டு. யூஎஸ்பி-சிக்குள் வேகமான தடங்கள் நான்கு. சாதாரண ஹப் அதில் இரண்டை யூஎஸ்பி 3 டேட்டாவுக்கு எடுத்துக்கொள்ளும். மீதி இரண்டில், டிஸ்ப்ளேபோர்ட் 1.2 உள்ள லெப்டொப் என்றால், 4கே 30க்குத்தான் இடம்.

கடைசியில் ஹப்பே இல்லாமல், ஒரு முனை யூஎஸ்பி-சி, மறு முனை டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கேபிளைக் கொழும்பிலிருந்து கூரியரில் எடுப்பித்தேன். செருகியதும் பட்டியலில் 60 வந்து உட்கார்ந்தது. விண்டோஸில் டெஸ்க்டொப் அளவு என்று ஒன்றும் அக்டிவ் சிக்னல் என்று இன்னொன்றும் காட்டும். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. கதிரையை விட்டு எழும்போதெல்லாம் திரை ஓரிரு நொடி கறுத்துப் போனது. பேய் வேலை என்றே வீட்டில் சிரித்தார்கள். தேடிப் பார்த்தால் உலகம் முழுக்க இருக்கிற பிரச்சினைதானாம். காற்றழுத்தத்தில் உயர்ந்து இறங்கும் அலுவலகக் கதிரையிலிருந்து எழும்போது நிலைமின் பொறி ஒன்று உண்டாகும். அதன் மின்காந்த அலை, உறைப் பாதுகாப்புக் குறைந்த கேபிளுக்குள் புகுந்து இணைப்பைக் கலைத்துவிடும். அந்தக் கேபிள் இரண்டு மீட்டர், மெலிசானது. ஒரு மீட்டரில் தடித்த ஒன்றை மாற்றி, அது கதிரைக்குப் பக்கத்தில் போகாமல் மேசைக்குப் பின்னால் கட்டினேன். அதன் பிறகு கறுக்கவில்லை.

எழுத்து எறும்பாகத் தெரிந்ததற்கு ஸ்கேலை 150 சதவீதம் வைத்தேன். பழைய டிசைன் மென்பொருள் ஒன்றின் மெனு மட்டும் இன்னும் மங்கல்தான், பொறுத்துக்கொள்கிறேன். ஏப்ரலில் பின்னேர இடி முழங்கத் தொடங்கினால் பிளக், கேபிள் எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறேன். மொனிட்டரைப் பிடிக்கிற மின்னல் அந்தக் கேபிள் வழியாக லெப்டொப்புக்கும் வரலாம்.

சும்மா கிடந்த எச்டிஎம்ஐ வாயிலில் பழைய 1080 மொனிட்டரைச் செருகி, வாட்ஸ்அப்பில் வரும் திருத்தங்களை அதில் திறந்து வைத்துக்கொள்கிறேன். அதற்கு 1.4 தாராளம்.