பெயர் மாறிய ஜெர்மானியர்களை இண்டியானாபொலிஸில் தேடிய கதை

முதல் இரண்டு வாரம் எனக்கு எதுவுமே சிக்கவில்லை. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் அத்தனீயம் என்று ஒரு பெரிய செங்கல் கட்டடம் இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் 1890களில் கட்டியது. முதுகலை ஆய்வுக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்டது அதைத்தான். அந்தக் காலச் செய்தித்தாள்களில் ‘அத்தனீயம்’ என்று தேடிக்கொண்டே இருந்தேன். எப்படி வரும்? 1918 வரை அதன் பெயர் ‘டாஸ் டாய்ச்செ ஹவுஸ்’, அதாவது ஜெர்மன் வீடு. முதல் உலகப் போரில் ஜெர்மனியை எதிர்த்து அமெரிக்கா இறங்கியதும் அந்தப் பெயரை வாசலில் வைத்திருக்க முடியாத நிலை. கிரேக்கப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டார்கள்.

அதனால் இப்படிப்பட்ட ஆய்வில் இறங்குபவர்களுக்கு என் முதல் யோசனை: ஒரு நோட்டு போடுங்கள். நீங்கள் தேடும் இடம், சங்கம், தெரு, ஆள் ஒவ்வொன்றுக்கும் எந்த ஆண்டில் என்ன பெயர் இருந்தது என்று எழுதுங்கள். சின்சினாட்டி நகரை எடுத்தாலும் இதே கதைதான். அங்கே பிரெமன் தெரு 1918இல் ரிபப்ளிக் தெருவாகிவிட்டது. ஒரே வீட்டுக்காரர் குடிபெயராமலே இரண்டு முகவரியில் தென்படுவார்.

சரி, பழைய ஆவணப் பெட்டிகள் எங்கே? இண்டியானாபொலிஸைப் பொறுத்தவரை இண்டியானா பல்கலைக்கழகத்தின் அந்நகர வளாக நூலகத்தில், ரூத் லில்லி சிறப்புத் தொகுப்புகள் பிரிவில் இருக்கின்றன. டூர்னர் சங்கங்களின் ஆவணங்களும் அங்கேதான். டூர்னர் என்றால் உடற்பயிற்சிக்காரர். பெர்லினில் 1811இல் ஃப்ரீட்ரிஷ் லூட்விக் யான் தொடங்கிய இயக்கம் அது. ஜெர்மனியில் 1848 புரட்சி தோற்றபின் அமெரிக்காவுக்கு ஓடிவந்தவர்கள் அதையும் கையோடு கொண்டுவந்தார்கள். உடற்பயிற்சிக்கூடம் என்று மட்டும் நினைத்துப் போனால் ஏமாறுவீர்கள். அரசியல் பேச்சு, நாடகம், பாட்டு, பீர் எல்லாம் டூர்னர் சங்கத்தின் கூரைக்குக் கீழேதான் நடந்தன.

காப்பகத்துக்குப் போகும் முன்பே தொகுப்பின் விவரப் பட்டியலை இணையத்தில் படித்துவிட்டு, பெட்டி எண், கோப்பு எண்ணோடு போங்கள். “ஜெர்மானியர்கள் பற்றி ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டு நான் நின்ற நாளை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த தொல்லை எழுத்து. பத்திரிகைகள் ஃப்ராக்டூர் என்ற பழைய அச்செழுத்தில் இருக்கும். பழைய தமிழ்ப் புத்தகத்தில் யானைத் தும்பிக்கை வைத்த ‘லை’யைப் பார்த்து விழிக்கும் பிள்ளையின் நிலை எனக்கு. பத்து நாளில் கண் பழகிவிடும். கணினிக்குத்தான் பழகுவதில்லை. ஃப்ராக்டூரில் நீண்ட ‘எஸ்’ கிட்டத்தட்ட ‘எஃப்’ போலவே இருக்கும் என்பதால், சங்கம் என்று பொருள்படும் ‘கெசெல்ஷாஃப்ட்’ வருடியெடுத்த பக்கங்களில் ‘கெஃபெல்ஷாஃப்ட்’ ஆகியிருக்கலாம். தேடும்போது தப்பான எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். ‘இண்டியானா ட்ரிப்யூனெ’ என்ற ஜெர்மன் நாளிதழின் இதழ்கள் ஹூசியர் ஸ்டேட் கிரானிக்கிள்ஸ் என்ற பழைய செய்தித்தாள் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பயிற்சிக்கு அதைவிட நல்லது இல்லை.

கையெழுத்து இன்னும் மோசம். குர்ரென்ட் எனப்படும் பழைய ஜெர்மன் கையெழுத்தில் ‘ஈ’ எழுத்து ‘என்’ போல இருக்கும். ஆனாலும் தேவாலயப் பதிவேடுகளை விட்டுவிடாதீர்கள். 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவர் பிறந்த ஊர் என்று ‘பிரஷ்யா’ அல்லது ‘பவேரியா’ என்பதோடு முடித்துவிடுவார்கள். பாதிரியாரோ பல சமயம் கிராமத்தின் பெயரையே எழுதி வைத்திருப்பார். பழைய பதிவேடுகளில் 8 போட்டுப் பக்கத்தில் ‘பெர்’ என்றிருந்தால் அது ஆகஸ்ட் இல்லை, அக்டோபர். லத்தீனில் எட்டு ‘ஆக்டோ’. இது தெரியாமல் ஒரு குழந்தையை இரண்டு மாதம் முன்னதாகவே பிறக்க வைத்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய சறுக்கல் ஒன்று. ஒரு குடும்பத்தில் யோஹான் ஒருவர், ஹென்றி ஒருவர் என்று அண்ணன் தம்பியாக எழுதி, இரண்டு பக்கம் வாதமும் கட்டிவிட்டேன். ஞானஸ்நானப் பதிவைப் பார்த்தபோது ‘யோஹான் ஹைன்ரிஷ்’ என்று ஒரே ஆள்! ஜெர்மன் வழக்கத்தில் முதல் பெயர் வெறும் ஞானஸ்நானப் பெயராக நின்றுவிட, வீட்டில் கூப்பிடுவது இரண்டாவது பெயரைத்தான். ஒரே வீட்டில் மூன்று யோஹான் இருந்தால்கூடத் திகைக்க வேண்டாம். ஹைன்ரிஷ் அமெரிக்காவில் ஹென்றி, ம்யூல்லர் மில்லர், ஷ்மிட் ஸ்மித். பெண்களைத் தேடும்போது பெயரோடு ‘கெப்.’ என்ற சுருக்கம் வருகிறதா பாருங்கள். அதற்கு அடுத்து வருவது பிறந்த வீட்டுப் பெயர்.

1890 கணக்கெடுப்பை நம்பித் திட்டம் போடாதீர்கள். 1921இல் நடந்த தீவிபத்தால் அதன் ஏடுகள் பெரும்பாலும் போய்விட்டன. அந்த இடைவெளியை நகர விவரக் கையேடுகள் நிரப்பும்: பெயர், தொழில், முகவரி. கூடவே சான்பார்ன் நிறுவனத்தின் தீக்காப்பீட்டு வரைபடங்களை வைத்துக்கொள்ளுங்கள். செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மர வீடு மஞ்சள். கையேட்டில் ‘பீர்க்கடை’ என்று படித்ததை வரைபடத்தின் தெருமுனையில் கண்டுபிடிக்கும்போது வரும் சந்தோஷமே தனி.

கடைசியாக, 1917 அக்டோபருக்குப் பிந்தைய ஜெர்மன் பத்திரிகைகள். அந்த மாதம் வந்த சட்டப்படி, போரையும் அரசையும் பற்றி அந்நிய மொழியில் எழுதினால் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தபால் அதிகாரியிடம் கொடுத்தாக வேண்டும். அனுமதி பெற்ற பத்திரிகைக்குத்தான் விலக்கு. அதனால் சில செய்திகளின் தலைமாட்டில், சரியான மொழிபெயர்ப்பு தாக்கல் செய்யப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி நிற்கும். முதலில் அதை அச்சுக் குறிப்பு என்று தாண்டிப் போய்விட்டேன். பிறகு அந்த வரி எந்தெந்தச் செய்திக்கு மேல் நிற்கிறது, எதற்கு மேல் இல்லை என்று குறித்துக்கொண்டு போனேன். விளையாட்டுச் செய்திக்கு இல்லை, மரண அறிவிப்புக்கு இல்லை. 1919இல் இண்டியானா சட்டமன்றம் தொடக்கப் பள்ளிகளில் ஜெர்மன் கற்பிப்பதையே தடை செய்தது என்பதோடு சேர்த்து வைத்தபோதுதான் கட்டுரையின் மூன்றாம் பகுதி உருவானது.