குடை தேவைப்படாத ஊர்: பொலோஞா நாட்குறிப்பு

நவம்பர் 5

மழையோடு இத்தாலியின் பொலோஞாவில் வந்து இறங்கினேன். தோழி பிளாட்பாரத்துக்கே வந்திருந்தாள், கையை வீசிக்கொண்டு. "குடை எங்கடி?" என்றேன். "இந்த ஊருக்கு எதுக்கு?" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். ஸ்டேஷன் சுவரில் ஒரு கடிகாரம் 10:25-இல் நிற்கிறது. 1980 ஆகஸ்ட் 2 காலை அந்த நேரத்தில் காத்திருப்போர் அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். நினைவாக முள்ளை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவள் கணவர் தினமும் இங்கேதான் ரயில் பிடிக்கிறார்.

வீடு வரை நடைதான். குறுக்குத் தெருக்களைத் தாண்டும்போது விழுந்த சில துளிகள் தவிர நனையவே இல்லை. கட்டிடங்களின் மாடிகள் நடைபாதைக்கு மேல் நீண்டு தூண்களில் நிற்கின்றன. இந்த போர்ட்டிகோக்களை 2021-இல் யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நவம்பர் 6

ஸ்த்ராதா மஜ்ஜோரே தெருவில் 13-ஆம் நூற்றாண்டு வீடு ஒன்றை உயரமான மரத்தூண்கள் இன்னும் தாங்குகின்றன. தடவிப் பார்த்தேன், வெடிப்புக்குள் விரல் நுழைகிறது. பல்கலைக்கழகம் 1088-இல் தொடங்கியதாகக் கணக்கு. மாணவர்கள் வந்து குவிய, இடம் போதாமல் வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டே போனார்கள். நகரசபை இடிக்கச் சொல்லவில்லை. 1288-இல், புது வீடு கட்டினால் போர்ட்டிகோ வைத்தே தீரவேண்டும் என்று சட்டம் போட்டது! இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருக்கு. நம் திண்ணையும் வழிப்போக்கருக்குத்தான், ஆனால் அது வீட்டுக்காரர் மனசைப் பொறுத்தது. தோழியின் அடுக்ககத்தில் தூண்களுக்குப் பூச்சு வேலை, ஆளுக்கு இவ்வளவு என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. "ஊரே நடக்குது, காசு நாங்க கட்டுறோம்" என்று அவள் கணவர் புலம்பல்.

நவம்பர் 7

அவள் மாமியார் வீட்டில் மதியச் சாப்பாடு. எண்பதைத் தாண்டியவர். முட்டையும் மாவும் பிசைந்து, நீளக் கட்டையால் அடிப்பலகையின் ரேகை தெரிகிறவரை தேய்க்கிறார். சுருட்டி, கத்தியைப் பார்க்காமலே நறுக்குகிறார். இந்த நாடா மாதிரிப் பாஸ்தாவுக்குப் பெயர் தாலியாதெல்லே. வெந்த பிறகு அது 8 மில்லிமீட்டர் அகலம் இருக்கவேண்டும் என்று 1972-இல் வணிகச் சபையில் பதிவு செய்து, தங்கத்தில் ஒரு மாதிரியும் வைத்திருக்கிறார்கள். அதைச் சொன்னதும் கத்தியை நீட்டி ஏதோ சொன்னார். தோழி மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

நவம்பர் 8

வெயில்! சான் பெத்ரோனியோ தேவாலயத்துக்கு ஓடினோம். தரையில் சுமார் 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. 1655-இல் வானியலாளர் கஸ்ஸீனி போட்டது. 27 மீட்டர் உயரத்தில் கூரையில் ஒரு சின்னத் துளை, அவ்வளவுதான் கருவி. பதினொன்றரை மணிக்கே இடம் பிடித்தோம். முட்டை வடிவத்தில் ஒரு வெளிச்சம், கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம், ஓரமெல்லாம் நடுங்குகிறது. நகர்வது கண்ணுக்கே தெரிகிறது. பக்கத்தில் நின்ற பையன் ஷூ நுனியை அதன் வழியில் வைத்தான், வெளிச்சம் மெல்ல அதன் மேல் ஏறியது. பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் கோட்டின் நடுவில் வந்து நின்ற மாதிரி இருந்தது. அதுதான் இந்த ஊரின் அசல் உச்சிவேளை. இந்த வெளிச்சம் ஆண்டு முழுக்கப் பெருத்துச் சிறுப்பதை அளந்துதான், சூரியனின் வேகம் மாறுவதாகத் தெரிவது தூரம் மாறுவதால் வரும் வெறும் தோற்றமல்ல, வானியலாளர் கெப்ளர் சொன்னது சரி என்று கஸ்ஸீனி காட்டினார். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காகத் திருச்சபை கலிலேயோவைத் தண்டித்து 22 ஆண்டுதான் ஆகியிருந்தது, அதுவும் தேவாலயத் தரையிலேயே! ஓரத்தில் ராசிகள் வேறு. அவர்கள் கணக்கில் இப்போது விருச்சிகம், நம் பஞ்சாங்கத்துக்கு இன்னும் ஐப்பசி, துலாம்.

நவம்பர் 9

மறுபடி மழை. சான் லூக்கா குன்றுக்கு ஏறினோம். வழி முழுக்கக் கூரை: 3.8 கிலோமீட்டர், 666 வளைவுகள், 1674-இல் தொடங்கிய வேலை. 1433-இல் விடாத மழையில் பயிர் அழுகப் பார்த்தபோது மேலிருந்த மாதா படத்தை ஊர்வலமாக இறக்கினார்களாம், மழை நின்றதாம். இன்றும் மே மாதம் இறக்குகிறார்கள். மழை வேண்டி யாகம் செய்து பழகிய எனக்கு இது புதுசு.

"மே மாசம் வா, பார்க்கலாம்" என்றாள். "குடை?" என்றேன். "அப்ப மட்டும் எடுத்துட்டு வாங்க" என்றார் அவள் கணவர். "மாதா இறங்கினாலே மழை வரும்." அவள் அதற்குள் போனில் மே மாத டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்திருந்தாள்.