விடைக்கோழி கேற ஆரம்பித்தால்

தை பிறந்ததும் புறவாசலில் விடைக்கோழிகள், அதாவது முதல் முட்டைக்கு வரும் இளம் பெட்டைகள், கேறத் தொடங்கும்; கொக்கரிப்பதைத்தான் கேறுவது என்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இறகு உதிர்த்து ஒடுங்கிக் கிடந்த பழைய பெட்டைகளும் தெளிந்து வரும். பகல் நீள்வது ஒரு காரணம். ஆனால் திருநெல்வேலிப் பக்கம் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் வித்தியாசமே சுமார் ஒரு மணி நேரம்தான். இங்கே அதைவிடப் பெரிய காரணம் இரை. மழைக்குப் பின் புல்லும் பூச்சியும், பிசானப் பருவ நெல் அறுப்பு தொடங்கியதும் களத்து நெல்லும் வயிறு நிறையக் கிடைக்கின்றன.

நாட்டு விடைக்கோழி ஆறு, ஏழு மாதத்தில் முட்டைக்கு வரும். கொண்டையும் தாடையும் வெளிறிய நிறம் மாறி நல்ல சிவப்பாகும். மூலை மூலையாகப் போய் இடம் பார்க்கும். சந்தேகம் இருந்தால் பின்பக்கத்து இரண்டு இடுப்பெலும்புகளுக்கும் நடுவே விரலை வைத்துப் பாருங்கள். ஒரு விரல்தான் இடைவெளி என்றால் இன்னும் நாளாகும். இரண்டு, மூன்று விரல் நுழைந்தால் அந்த வாரமே முட்டையை எதிர்பார்க்கலாம்.

அதற்கு முன்பே இடம் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வைக்கோல் படப்புக்குள் போய் இட்டுவிடும். நமக்கு முன்னால் கீரியும் சாரைப்பாம்பும் கண்டுபிடித்துவிடும். ஓர் அடி நீள அகலமுள்ள மரப்பெட்டி அல்லது பக்கவாட்டில் சாய்த்த பழைய மண்பானை போதும். நாலைந்து கோழிக்கு ஒன்று. அடியில் மணலும் சாம்பலும் கலந்து பரப்பி, மேலே நாலு விரல்கடை வைக்கோல். கொஞ்சம் நொச்சி இலை சேர்த்தால் பேன், செள்ளுத் தொல்லை குறையும். இருட்டான மூலையாக இருக்கட்டும். அடையாளத்துக்கு ஒரு முட்டையை அங்கேயே விட்டு வையுங்கள். அது பழையதாகாமல் மாற்றிக்கொண்டே வர வேண்டும்.

இனி தீனி. பலரும் தவறுவது இங்கேதான். களத்து நெல்லை மட்டும் தின்ற கோழி கொழுக்கும், ஆனால் ஓடு கெட்டியாகாத தோல்முட்டை இடும். நெல்லில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. நாட்டுக்கோழி முட்டையின் ஓடு மட்டும் நாலு கிராம் வரும். அதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து கிடைக்காவிட்டால் தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். பாவம், கால் தளர்ந்து உட்கார்ந்துவிடும். கிளிஞ்சலை அரிசிக் குருணை அளவுக்கு இடித்து, ஒரு சிரட்டையில் தனியாக வைத்துவிடுங்கள். தேவைக்குத் தானே கொத்திக்கொள்ளும். தீனியோடு கலந்தால் குஞ்சுகளும் தின்று சிறுநீரகம் கெடும். சாயங்காலம் வைப்பது நல்லது, ஓடு பெரும்பாலும் ராத்திரியில்தான் உருவாகிறது. சுட்ட சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம்.

மேய்ந்து வரும் பத்துக் கோழிக்குச் சாயங்காலத் தீனியாக 250 கிராம் உடைத்த கம்பு அல்லது சோளம், 80 கிராம் தவிடு, 50 கிராம் கடலைப் புண்ணாக்கு, 20 கிராம் கருவாட்டுத் தூள் போதும். கருவாட்டை உப்புப் போகக் கழுவிக் காய வைத்து இடியுங்கள். உப்பு மிஞ்சினால் தண்ணீராகக் கழியும், அளவு மீறினால் சாவும் உண்டு. பூஞ்சை பிடித்த புண்ணாக்கைக் குப்பையில்தான் போட வேண்டும்.

கிளிஞ்சல் வைத்தும் பங்குனியில் ஓடு மெலிந்தால் வெயில்தான் காரணம். கோழி வாயைப் பிளந்து இரைக்கும்போது ரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைகிறது. ஓடு கட்ட அதுவும் வேண்டும். நிழலில் மண்சட்டியில் தண்ணீர் வைத்து, மத்தியானம் ஒருமுறை மாற்றுங்கள்.

உடைந்த முட்டையை உடனே அள்ளிவிடுங்கள். ஒருமுறை ருசி கண்ட கோழி தானே கொத்தி உடைக்கப் பழகும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும் பாடு. ஒருநாள் முட்டை தவறினால் பதற வேண்டாம். ஒரு முட்டை உருவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் நேரம் தள்ளிக்கொண்டே போய் ஒருநாள் விட்டுப்போகும்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீர்கள். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். ஊசிக்குப் பின் சில நாள் முட்டை குறையலாம், பரவாயில்லை. கோடையில் அந்த நோய் வந்தால் கூடே காலியாகும்.

விடைக்கோழியின் முதல் இரண்டு, மூன்று வார முட்டைகள் சிறியவை, சமைத்துவிடுங்கள். அடை வைக்க, அதற்குப் பிறகு இடும் முட்டைகளைக் கழுவாமல், கூர்முனை கீழாக, குளிர்ந்த மூலையில் தவிட்டுப் பானையில் வையுங்கள். ஏழு நாளுக்கு மேற்பட்டது பொரிப்பது குறையும். ஒரு கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு மேல் வேண்டாம், ஓரத்து முட்டைகளுக்குச் சூடு எட்டாது. ஏழாம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, நரம்பு ஓடாத கூமுட்டைகளை எடுத்துவிடலாம்.