நங்கூரத்த முழுங்கிட்டாரு

அப்பா கப்பல் வேலைய விட்டு வீட்டுக்கு வந்த வாரம் அவரோட பழைய கேப்டன் போன் பண்ணி 'ஸோ, யூ ஹேவ் ஸ்வாலோட் தி ஆங்கர்'னாரு, அதாவது நங்கூரத்த முழுங்கிட்டீங்கன்னு. இங்கிலீஷ் பேசுற மாலுமிங்க கடலுக்கு முழுக்கு போட்டு கரையில செட்டில் ஆகறத இப்படித்தான் சொல்லுவாங்க. நாம ஒண்ண விடணும்னா தலைமுழுகறோம், தண்ணியோட போயிரும், அவங்களுக்கு அது தொண்டை வழியா உள்ள இறங்குது.

அதே ஆளுங்க சாவுக்கு வச்சிருக்க பேச்சு எவ்வளவு லேசா இருக்கு பாருங்க. 'ஸ்லிப்ட் ஹிஸ் கேபிள்'னா, நங்கூரத்த தூக்க நேரமில்லாதப்போ சங்கிலியோட கடைசி முனைய அவுத்து கடல்ல விட்டுட்டு கப்பல் பாட்டுக்கு கிளம்பிரும்ல, அந்த மாதிரி போய்ட்டார்னு அர்த்தம். 'கிராஸ்ட் த பார்'னா துறைமுக வாய்ல இருக்க மணல்திட்ட தாண்டி வெளிக்கடலுக்கு போய்ட்டாரு, இங்கிலீஷ் கவிஞர் டென்னிசன் 1889ல எழுதுன கவிதையும் இததான் சொல்லுது. செத்தா பயணம், உயிரோட கரையேறினாதான் பாரம்.

ஒடிஸிங்கிற பழைய கிரேக்க காவியத்துல வர்ற துடுப்பு கதையும் இதுக்கு சொந்தம்தான். கடல்ல அலைஞ்ச ஒடிஸியஸுக்கு சொன்னது இது: துடுப்ப தோள்ல வச்சுக்கிட்டு உள்நாட்டுக்குள்ள நடந்துகிட்டே இருக்கணும், எந்த ஊர்ல ஒருத்தன் அத பொலி தூத்துற சாமான்னு நினைக்கறானோ அங்க அத மண்ணுல நட்டுரணும். பின்னாடி வந்த மாலுமிங்க அந்த ஊர்லயே குடியேறிருவேன்னு மாத்தி சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

அப்பா போசன், அதாவது டெக் ஆளுங்களுக்கு தலைவர், 26 வருஷம் கப்பலோட முன்பக்கத்துல நங்கூர சங்கிலிய இறக்கி ஏத்தற விண்ட்லாஸ் மெஷினோட பிரேக்க பிடிச்சவரு. சீஃப் ஆபீசர் 'லெட் கோ'ன்னதும் பிரேக்க திறந்தா டன் கணக்குல இரும்பு ஓடும், சங்கிலிய ஷேக்கிள் கணக்குல அளப்பாங்க, ஒரு ஷேக்கிள் 27.5 மீட்டர், அஞ்சு ஆறு ஷேக்கிள் தடதடன்னு இறங்கறப்போ சங்கிலியில காஞ்சு கிடந்த சேறும் துருவும் செம்புழுதியா கிளம்பி மூஞ்சில அடிக்குமாம். கண்ணுக்கு காகிள்ஸ் இருக்கு, வாய்க்கு என்ன இருக்குன்னு கேப்பாரு, ரெண்டு நாளைக்கு சோத்துல கூட இரும்பு ருசிதானாம்.

கேப்டன் சொன்னதுக்கு அப்பா 'எஸ் சார்'னு மட்டும் சொல்லிட்டு ரொம்ப நேரம் போன கையிலயே வச்சிருந்தாரு. இப்பவும் ராத்திரி காத்து திசை மாறினா எழுந்திருவாரு, வாசக்கதவ திறந்து எதிர்வீட்டு தென்னையையும் தெருவிளக்கு கம்பத்தையும் மாத்தி மாத்தி பாப்பாரு, ஆங்கர் இழுபடுதான்னு கரையில ரெண்டு அடையாளம் வச்சு பாக்கற பழக்கம், அப்புறம்தான் வந்து படுப்பாரு.