நீலாம்பரிப் பேருந்தும் நம் சோழநாட்டுக் கடற்கரையும்

மும்பையில் ‘நீலாம்பரி’ என்ற பெயரில் ஓடிய திறந்த மாடிப் பேருந்துச் சுற்றுலா 2023 அக்டோபரில் நின்றுபோனது. மகாராஷ்டிரச் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் நகரப் பேருந்துகளை இயக்கும் ‘பெஸ்ட்’ நிறுவனமும் சேர்ந்து 1997 முதல் நடத்திவந்த சுற்றுலா அது. அதற்கு முந்தைய மாதம்தான், 1937இல் அந்நகருக்கு வந்த மாடிப் பேருந்துகளின் மரபில் எஞ்சியிருந்த கடைசி டீசல் வண்டிகளும் ஓய்வு பெற்றன. மாதுங்காவில் உள்ள சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு மாலையில் நீலாம்பரியின் மேல்தளத்தில் அமர்ந்து நகரைச் சுற்றியவன் நான். மயிலாடுதுறைக்காரனான எனக்கு, நம் கடற்கரைக்கும் அப்படி ஒரு வண்டி வேண்டும் என்ற எண்ணம் அன்று பிறந்தது. இன்றுவரை அது வலுத்தே வருகிறது.

கேட்வே ஆஃப் இந்தியாவில் புறப்படும் வண்டி மரீன் டிரைவ், சர்ச்கேட், ஓவல் மைதானம், ஃபுளோரா நீரூற்று, ஆசியச் சங்க நூலகம் என்று சுற்றி வரும். நடந்து செல்பவர் கண்ணில் கடை முகப்புகளும் கூட்டமும்தான் படும். மேல்தளத்திலோ முதல் மாடி, இரண்டாம் மாடிகளின் வேலைப்பாடு நேருக்கு நேராக வந்து நிற்கும். ஓவல் மைதானத்தருகே நான் கண்டதை மறக்க முடியாது. கிழக்கே 19ஆம் நூற்றாண்டின் கோதிக் பாணியில் கருங்கல்லும் கூர்வளைவுகளுமாக உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும், மேற்கே 1930களின் ஆர்ட் டெக்கோ பாணியில் வளைந்த பால்கனிகளும் நீண்ட சன்ஷேடுகளுமாகக் காங்கிரீட் குடியிருப்புகளும், நடுவே கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளுமாக, இரு காலங்கள் ஒரு மைதானத்தின் இரு கரைகளில் எதிரெதிரே நிற்கின்றன. இந்தத் தொகுதியைத்தான், 94 கட்டடங்களோடு, யுனெஸ்கோ 2018இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அங்கே நிற்கும் ராஜாபாய் மணிக்கூண்டு 1878இல் முடிக்கப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பருத்தி வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய பிரேம்சந்த் ராய்சந்த், தம் தாயின் பெயர் விளங்க அதற்குப் பணம் கொடுத்தார். அந்த அம்மையார் பார்வையற்றவர் என்றும், சமண நெறிப்படி இருட்டும் முன் உணவு கொள்ள அவருக்கு மணியோசை உதவியது என்றும் மும்பையில் சொல்வார்கள். வழிகாட்டி இதைச் சொன்ன பிறகு கூண்டை இன்னொரு முறை நிமிர்ந்து பார்க்காதவர் எங்கள் வண்டியில் இல்லை.

மும்பையில் கட்டடங்கள் நிற்கின்றன. வழிகாட்டி வாய் திறக்காவிட்டாலும் கண்ணுக்குப் பாதி விருந்து கிடைத்துவிடும். நம் கடற்கரையில் பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்டது அல்லது இடிபட்டுவிட்டது என்பதால், இங்கே சொல்பவரின் தேவை இன்னும் பெரிது. பூம்புகாரில் இறங்குபவர், கடல் கடந்து வந்த வணிகர் குடியிருந்த மருவூர்ப்பாக்கத்தையும், அதற்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே கூடிய நாளங்காடி என்ற பகல் சந்தையையும், யாராவது எடுத்துச் சொன்னால்தான் மனத்தில் காண முடியும். நாகப்பட்டினத்தில் சுமத்திராவின் ஸ்ரீவிஜய மன்னர் கட்டுவித்து, ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரை நிவந்தமாக அளித்த சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளி இன்று இல்லை.

நிற்பவையும் உண்டு. தரங்கம்பாடி ஒன்றே ஒரு முழுக் காலைக்குப் போதும். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டேனியர் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை, 1706இல் வந்திறங்கிய ஜெர்மானிய மறைபோதகர் சீகன்பால்கு எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம், அவர் தமிழ் எழுத்துகளை அச்சில் கோத்த வரலாறு, இவற்றுக்கெல்லாம் மூத்ததாய்ப் பாண்டியர் காலத்தில் எழுந்து அலைகளால் அரிக்கப்பட்ட மாசிலாமணிநாதர் கோயில் ஆகியவை நடந்தே பார்க்கும் தொலைவில் உள்ளன. அடுத்து 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்கால். அதை அடுத்து, மராட்டிய மன்னர் பிரதாப சிங் உயர்ந்த மினாரா ஒன்றைக் கட்டுவித்த நாகூர் தர்கா.

நம் ஊர்ச் சாலைகளில் தாழத் தொங்கும் மின்கம்பிகளுக்கும் புளியமரக் கிளைகளுக்கும் இடையே மாடி வண்டி ஓட முடியாது. அது தேவையும் இல்லை. 1972இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய சோழன் போக்குவரத்துக் கழகத்தின் நிறத்திலும் எழுத்திலும் ஒரு பழைய வண்டியைச் சீர்படுத்தி, சன்னல்களைப் பெரிதாக்கினால் போதும். வழிகாட்டிகளாக அந்தந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களையே பயிற்றுவித்து அமர்த்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையை விட்டுவிட்டு, தை முதல் பங்குனி வரை சனி, ஞாயிறுகளில் இயக்கலாம். காலை 7 மணிக்கு மயிலாடுதுறைப் பேருந்து நிலையத்தில் புறப்பட்டால், பூம்புகாரையும் தரங்கம்பாடியையும் உச்சிவெயிலுக்குள் பார்த்து, காரைக்காலில் சாப்பிட்டு, நாகூர் வழியாகப் பொழுது சாய்வதற்குள் நாகப்பட்டினம் சேர்ந்துவிடலாம்.