ஓரத்தில் ஒளிந்திருக்கும் உராய்வு

ஒரு பாகத்தின் நீளத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் எடை நூறு கோடியில் ஒரு பங்காகிவிடும். பரப்பு குறைவதோ பத்து லட்சத்தில் ஒரு பங்காகத்தான். ஆகவே எடையைவிடப் பரப்புகளின் ஒட்டும் விசையே ஓங்கி நிற்கும். மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுச் சிலிக்கான் பாகங்கள் நழுவுவதற்குப் பதில் ஒட்டிக்கொள்வதும் தேய்ந்து போவதும் இதனால்தான். எண்ணெய் விட்டாலும் பயனில்லை, அந்த இடுக்கில் அது பசைபோல இழுக்கும்.

கார்பன் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்த கிராஃபைட் வழி காட்டுகிறது. இரண்டு அடுக்குகள் ஒரே திசையில் பொருந்தினால், பல்லோடு பல் கோத்த சீப்புகள்போலக் கவ்விக்கொள்ளும். சற்றுத் திருப்பிவிட்டால் கவ்வ இடமே கிடைக்காது. 2004-இல் நெதர்லாந்தின் லைடனில் நடந்த அளவீட்டில், அடுக்குகளைத் திருப்பத் திருப்ப 60 பாகைக்கு ஒருமுறை உராய்வு எகிறியது. இடைப்பட்ட கோணங்களில் ஏறக்குறைய காணாமலே போனது.

செய்முறை இப்படி. உயர்ரக அடுக்குக் கிராஃபைட்டின் மேல் 100 முதல் 200 நானோமீட்டர் சிலிக்கான் டை ஆக்சைடு படிய வையுங்கள். லித்தோகிராஃபியில் (நுண்ணிய வடிவங்களைப் பரப்பில் பதிக்கும் முறை) 3–4 மைக்ரான் சதுரங்களை வரைந்து, ஆக்சிஜன் பிளாஸ்மாவால் சுமார் 1 மைக்ரான் ஆழத்துக்கு அரித்தெடுத்தால் குட்டித் தீவுகள் நிற்கும். டங்ஸ்டன் ஊசியைத் தீவின் தலையில் ஊன்றிப் பக்கவாட்டில் தள்ளினால் மேல்பாதி நழுவி வெளியே வரும். ஊசியைத் தூக்கியதும் அது தானாகவே வீடு திரும்பும்! எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி. அடுக்குகளைப் பிரிக்கச் சதுர மீட்டருக்கு சுமார் 0.37 ஜூல் தேவை. 4 மைக்ரான் அகலத் தீவுக்கு இது சுமார் 1.5 மைக்ரோநியூட்டன் இழுப்பு; வெளியே வந்த பாதியை வீட்டுக்கு இழுப்பது இதுதான். எவ்வளவு தூரம் தள்ளினாலும் இந்த இழுப்பு மாறாது. சாதாரண ஸ்பிரிங் என்று நினைத்துக் கணக்குப் போட்டால், பாகம் முன்னும் பின்னும் ஆடும் அதிர்வெண் தப்பாகவே வரும்.

திரும்பி வராத தீவுகளை ஒதுக்கிவிடுங்கள். தீவு பெரிதாகப் பெரிதாக அவை கூடும், ஏனென்றால் கிராஃபைட் பல படிகத் துண்டுகளின் சேர்க்கை. ஒரு துண்டின் எல்லை குறுக்கே வந்தாலே நழுவல் கெட்டது.

மிச்சமிருக்கும் உராய்வில் பெரும்பங்கு ஓரத்தில்தான். பிளாஸ்மா அரித்த விளிம்பில் பிணைப்புகள் திறந்து கிடக்கும். ஆக்சிஜனும் ஈரமும் அங்கே பற்றிக்கொள்ளும். ஆகவே விளிம்பு பரப்பிலுள்ள படிக்கட்டு போன்ற எந்த மேட்டையும் தாண்டாதவாறு பாதையை வரையுங்கள். முதலில் சில முறை முன்னும் பின்னும் ஓட்டினால் அழுக்கு ஒதுங்கி உராய்வு இறங்கும். நழுவ வைத்தபின் ஈரக் கழுவல் கூடவே கூடாது.

இன்னொரு சிக்கல், மையம் விலகித் தள்ளினால் பாகம் சுழன்று கவ்வும் கோணத்தில் பூட்டிக்கொள்வது. அடித்தளத்தை, கிராஃபைட் போலவே அடுக்குகளாலான போரான் நைட்ரைடாக மாற்றினால் இந்தப் பயம் பெரிதும் குறையும்: இரண்டின் அணு இடைவெளியும் 1.8 சதவீதம் வேறுபடுவதால் முழுப் பொருத்தம் எந்தக் கோணத்திலும் அமையாது.