ஊர் பேர் சொல்லாத கதிர்

எங்கள் பௌதிகவியல் மாஸ்டருக்குப் பாடத்திட்டத்தில் இருப்பதைவிட இல்லாததில்தான் உற்சாகம் அதிகம். யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத தொண்ணூறுகள் அவை. ஆய்வுகூடத்தில் மிஞ்சியிருந்த பொன்னிலை மின்காட்டிக்கு (ஏற்றம் இருந்தால் இரண்டு மெல்லிய பொன் இலைகள் விரிந்து காட்டும் கருவி) மின்னேற்றம் கொடுத்து மேசையில் வைப்பார். விரிந்த இலைகள் மெல்ல மெல்ல ஒடுங்கும். "ஏற்றம் எங்கையடா தம்பி போகுது?" என்பார். எங்கள் ஊர் ஈரக்காற்றும் ஒரு காரணம் என்று அவரே சொல்லிவிடுவார். ஆனால் இறுக்கி மூடிய கருவியிலும் கசிவு நிற்பதில்லை. கதிர்வீச்சு பட்டால் காற்று மின்கடத்தும், ஏற்றம் கசியும்; நிலத்திலுள்ள கதிரியக்கம்தான் காரணம் என்று பலர் நம்பிய காலத்தில், 1912 ஆகஸ்டில் ஒஸ்திரிய விஞ்ஞானி விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீற்றருக்கு மேலே போய் அளந்தார். மேலே போகப் போகக் கதிர்வீச்சு கூடியது. நிலத்திலிருந்து வந்தால் குறைய அல்லவா வேண்டும்! விண்வெளியிலிருந்து வரும் அதற்குத்தான் அண்டக்கதிர் என்று பேர். 1936இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

"அண்டக்கதிர் ஊர் பேர் சொல்லாது" என்பது மாஸ்டரின் இன்னொரு வசனம். அவை பெரும்பாலும் புரோத்தன்கள் (அணுக்கருவிலுள்ள நேரேற்றத் துகள்கள்), ஏற்றம் இருப்பதால் விண்வெளிக் காந்தப்புலங்களில் வளைந்து வளைந்து வரும். வந்த திசையை வைத்துப் பிறப்பிடம் சொல்ல முடியாது. அண்டக்கதிர் பிறக்கும் இடத்தில் உண்டாகக்கூடிய காமாக் கதிருக்கு (ஒளி போன்றது, சக்தி மிக அதிகம்) ஏற்றம் இல்லை, நேராக வரும். ஆனால் வளிமண்டலம் மறித்துவிடும். அதனால் விண்வெளிக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

பரீட்சையில் இதெல்லாம் வரவில்லை. சிங்கப்பூரில் வந்தது. நினைவகச் சிப் சோதிக்கும் வேலை எனக்கு. அண்டக்கதிர் வளிமண்டலத்தில் மோதும்போது சிதறும் நியூத்திரன் (ஏற்றமில்லாத அணுத்துகள்) சிப்பில் பட்டால் 0 இருந்த இடத்தில் 1 வந்துவிடலாம். சிப் பழுதாகாமலே தகவல் மாறிவிடும். 2008 அக்டோபரில் இங்கிருந்து பேர்த் போன விமானம் நடுவானில் திடீரென மூக்கைக் கீழே குத்தியது பற்றிய விசாரணையிலும் இந்தச் சந்தேகம் எழுந்தது. போதிய சான்று கிடைக்கவில்லை. சிங்கப்பூர் பூமியின் நடுக்கோட்டருகே இருப்பதால் சக்தி குறைந்த அண்டக்கதிர்களைப் பூமியின் காந்தப்புலம் இங்கே நன்றாகவே தடுக்கிறது. (சிங்கப்பூரில் இலவசமாகக் கிடைக்கும் மிகச் சில சலுகைகளில் ஒன்று.)

அதே 2008இல் ஜூன் மாதம் காமாக் கதிரைப் பார்க்கும் ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கியை நாசா ஏவியது. மிதுனம், கழுகு விண்மீன் தொகுதிகளில் இருக்கும், வெடித்த விண்மீன்களின் எச்சங்கள் இரண்டை அது ஆராய்ந்தது. புரோத்தன்கள் வாயுவில் மோதினால் பயோன் என்ற அற்பாயுள் துகள் பிறக்கும். அது சிதைந்தால் காமா வரும். அந்தக் காமாவின் தனி அடையாளம் இரண்டிலும் தெரிவதாக 2013இல் அறிவித்தார்கள். மாஸ்டர் சொன்ன ஊர் பேர் தெரியாத கதிர் எங்கே பிறக்கிறது என்பதற்குப் பாதி விடை.

மிச்சப் பாதி கஷ்டம். 1991இல் அமெரிக்காவின் யூட்டாவில் பதிவான ஒரே ஒரு துகளில், சுழல்பந்து வீச்சாளர் எறியும் கிறிக்கெட் பந்தின் சக்தி இருந்தது. அவ்வளவு சக்திக்கு வெடித்த விண்மீன் போதாது. கனடாவில் இருக்கும் எங்கள் வகுப்புக் கணிதப் புலிகள் யாராவது பொறுப்பெடுக்கலாம்.